ரைசினா குன்றில் ஒரு வாடகை வீடு

முதலில் அடிக்கல்லையே தப்பான இடத்தில் நட்டார்கள்.

1911 டிசம்பர் 12-ஆம் தேதி, டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் எழுந்து, இந்தியாவின் தலைநகரம் இனி கல்கத்தா அல்ல, டெல்லி என்று அறிவித்தார். அதுவரை விஷயம் பரம ரகசியம். எவ்வளவு ரகசியம் என்றால், புதுத் தலைநகரம் டெல்லியில் எந்த மூலையில் வரப்போகிறது என்பது அறிவித்தவர்களுக்கே தெரியாது. அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? ராஜா கடல் கடந்து வந்திருக்கிறார், ராணியும் கூட வந்திருக்கிறார், பந்தல் வேறு இன்னும் பிரிக்கவில்லை. மூன்றாம் நாள், 15-ஆம் தேதி, தர்பார் நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஆளுக்கொரு கல்லாக இரண்டு கல்லை நட்டுவிட்டார்கள். முகூர்த்தம் முக்கியம். மனை எது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் பார்க்க 1912-இல் லண்டனிலிருந்து மூன்று பேர் கொண்ட நிபுணர் குழு வந்தது. தலைவர் ஸ்வின்டன். இரண்டாமவர் பிராடி, லிவர்பூல் நகரத்து இன்ஜினீயர். கால்பந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் வலை கட்டலாம் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான். மூன்றாமவர் எட்வின் லுட்யன்ஸ், இங்கிலாந்தில் பணக்காரர்களுக்குக் கிராமத்துப் பங்களா கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த கட்டடக் கலைஞர். மூவரும் யானை மேல் ஏறி டெல்லியைச் சுற்றிப் பார்த்தார்கள். ராஜா கல் நட்ட இடம் பள்ளம், யமுனை பெருகினால் தண்ணீர் நிற்கும், கொசு உண்டு, மலேரியா உண்டு என்று தெரிந்தது. உள்ளூரில் எந்த மாட்டுக்காரப் பையனைக் கேட்டிருந்தாலும் யானைச் செலவு இல்லாமலே சொல்லியிருப்பான்.

கடைசியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு தானே குதிரையேறிப் போய், தெற்கே ரைசினா குன்றைப் பார்த்து, இதுதான் இடம் என்று முடிவு செய்தார். அங்கே ரைசினா, மால்ச்சா என்ற கிராமங்கள் இருந்தன. அதற்கும் வழி இருந்தது: 1894-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம். கிராமத்தார் தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியேறினார்கள். தப்பான இடத்தில் நட்ட கற்களைப் பெயர்த்து வந்து பின்னால் செக்ரடேரியட் கட்டடங்களில் பதித்துக்கொண்டார்கள். நட்டபோது இருந்த பேண்டு வாத்தியம், பெயர்த்தபோது இல்லை.

குன்றின் மேல் கட்டப்போகிற வீடு யாருக்கு? வைஸ்ராய்க்கு. இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை அதுதான். கட்டுவது யார்? லுட்யன்ஸ். அவருக்கு எப்படிக் கிடைத்தது? திறமைசாலிதான், சந்தேகமில்லை. அதோடு, அவர் மனைவி எமிலியின் அப்பாவும் இந்தியாவில் வைஸ்ராயாக இருந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மாமனார்தான் லிட்டன் பிரபு. 1877 ஜனவரி 1-ஆம் தேதி, சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது, டெல்லியில் விக்டோரியா மகாராணியைப் பேரரசியாக அறிவித்துத் தர்பார் நடத்திய அதே லிட்டன். ஆடம்பரம் அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல.

ஆனால் மகள் வேறு மாதிரி. எமிலி அம்மையார் தியாசபி பக்கம் சாய்ந்து, அன்னி பெசன்ட் அடையாறிலிருந்து லண்டனுக்குக் கூட்டிவந்த ஜே.கிருஷ்ணமூர்த்தி என்ற பையனுக்குத் தாய் போல ஆகிவிட்டார். மாமிசத்தையும் விட்டுவிட்டார். ஆக, வீட்டுக்காரர் இந்தியர்களைப் பிரமிக்க வைக்க டெல்லியில் மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி இந்தியப் பையன் ஒருவனைப் பார்த்து லண்டனில் பிரமித்துக்கொண்டிருந்தார். கடிதங்கள் போய்வந்துகொண்டிருந்தன.

லுட்யன்ஸுக்கு இந்தியக் கட்டடங்களைக் கண்டாலே ஆகாது. இந்தியக் கட்டடக் கலை என்று உருப்படியாக ஒன்றுமே கிடையாது என்று எழுதியவர் அவர். யானை மேல் உட்கார்ந்து குதுப்மினாரையும் ஹுமாயூன் கல்லறையையும் பார்த்துவிட்டு வந்த மனிதர் சொல்கிற பேச்சா இது? ஹார்டிஞ்சுக்கோ அரசியல் தெரியும். கொஞ்சமாவது இந்தியச் சாயல் இருக்கட்டும், கூர்முனை வளைவு வையுங்கள் என்றார். அதற்கு லுட்யன்ஸின் வாதம்: கீழ்நாட்டார் மேல் பரிவு காட்டவேண்டும் என்று கடவுள் அவர்கள் வானவில்லைக் கூராக வளைக்கவில்லையே! தெய்வத்தையே சாட்சிக்கு இழுக்கும் ஆளிடம் வைஸ்ராய் என்ன பேசுவார்?

கடைசியில் நடந்தது என்ன? உச்சியில் குவிமாடம் வைத்தார். அது சாஞ்சி ஸ்தூபத்தின் சாயல், சுற்றிலும் சாஞ்சியின் கல் வேலி சகிதம். வெயிலுக்கும் மழைக்கும் ராஜஸ்தான் பாணியில் நீட்டிய கல் தாழ்வாரம். மொட்டை மாடியில் குட்டிச் சத்திரிகள். கல்லில் கொத்திய ஜாலி. இல்லாத கலையிலிருந்து இவ்வளவு எடுத்திருக்கிறார். இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

தூண்களின் தலையில் மணிகளைச் செதுக்கினார். கல் மணி, ஆடாது. மணி ஓசை நின்றால் அல்லது ஒலித்தால் ராஜவம்சம் முடியும் என்பது போல ஏதோ ஒரு பழங்கதை டெல்லியில் உலவியதாம். அடிக்கவே முடியாத மணியாக வைத்துவிட்டால் சாம்ராஜ்யம் அழியாது என்று கணக்கு. வாஸ்து பார்ப்பவர்கள் நம்மூரில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று யார் சொன்னது?

இனி சண்டைக்கு வருவோம். லுட்யன்ஸ் தனக்குத் துணையாகத் தானே சிபாரிசு செய்து கூட்டிவந்தவர் ஹெர்பர்ட் பேக்கர், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவின் யூனியன் கட்டடத்தைக் கட்டியவர், பழைய நண்பர். வைஸ்ராய் மாளிகை லுட்யன்ஸுக்கு, செக்ரடேரியட் கட்டடங்கள் இரண்டும் பேக்கருக்கு என்று பங்கு பிரித்தார்கள். முதல் திட்டப்படி குன்றின் மேல் மாளிகை மட்டும் ராஜாவாக நிற்கும். பேக்கர் நைசாகக் கேட்டார்: என் கட்டடங்களும் மேலேயே இருக்கட்டுமே? லுட்யன்ஸ் சரி என்றார். சரி என்றதன் பலன், மாளிகை கிட்டத்தட்ட கால் மைல் பின்னால் தள்ளிப்போயிற்று. இரண்டு செக்ரடேரியட்டுக்கும் நடுவே சாலை மேடேறிப் போகும். அந்தச் சரிவு எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தில் லுட்யன்ஸ் 1913-இல் கையெழுத்தும் போட்டார்.

1916-இல்தான் அவருக்கு விபரீதம் உறைத்தது. கீழே இன்றைய விஜய் சௌக்கில் நின்று பார்த்தால், மேடு மறைத்து, மாளிகை காணாமல் போகிறது. குவிமாடத்தின் தலை மட்டும் எட்டிப் பார்க்கிறது. பேரரசின் பிரதிநிதி வாழும் மகா மாளிகை, முன்வாசலில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியவில்லை! தெரிவதோ பேக்கரின் இரண்டு கட்டடங்கள், பளிச்சென்று. லுட்யன்ஸ் குதித்தார். சரிவை வெட்டிக் குறைக்க வேண்டும் என்றார். செலவாகும் என்றார்கள். லண்டன்வரை முறையிட்டார். கையெழுத்து உங்களுடையதுதானே என்றார்கள். இந்தியாவில் சர்க்கார் ஆபீஸ் படியேறிய எவருக்கும் அந்தக் கேள்வி பழக்கம். கட்டியவருக்கே முதல் போணி ஆயிற்று என்பதுதான் விசேஷம். நண்பர்கள் இருவரும் வருஷக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. சரிவு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கீழிருந்து மேலே நடந்து போனால், மறைந்த மாளிகை கொஞ்சம் கொஞ்சமாக முளைத்து வரும். அதைத் திட்டமிட்ட அழகு என்று வியப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வியக்கட்டும்.

நாலு வருஷத்தில் முடிப்பதாகச் சொன்ன வேலை பதினேழு வருஷம் இழுத்தது. நடுவில் முதல் உலகப் போர் வந்தது என்பது உண்மையான காரணம். மற்றபடி வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், போரே வராவிட்டாலும் எட்டு வருஷமாவது ஆகியிருக்கும். குன்றின் தலையை வெடிவைத்துத் தட்டையாக்கினார்கள். தோல்பூரிலிருந்து சிவப்பும் வெளிர் மஞ்சளுமாகக் கல் வந்தது. சாமான் இழுக்கத் தனி ரயில் பாதையே போட்டார்கள். 70 கோடிச் செங்கல், 30 லட்சம் கன அடிக் கல் என்று கணக்கு. பிரதானக் கட்டடத்தை எடுத்த ஒப்பந்தக்காரர் பெயர் ஹாரூன் அல் ரஷீத். பாக்தாத் கலீஃபாவின் பெயரை வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு அரண்மனை கட்டிக்கொடுத்தார். மாளிகைக்கும் தோட்டத்துக்கும் ஊழியர் குடியிருப்புக்குமாக ஆன செலவு சுமார் 1 கோடியே 40 லட்சம் ரூபாய். தலையில் செங்கல் சுமந்த ராஜஸ்தானத்துப் பெண்களின் கூலி இதில் எந்த மூலையில் இருக்கும் என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

கட்டி முடித்தபோது 340 அறைகள், இரண்டரை கிலோமீட்டர் நடைபாதைகள், 330 ஏக்கர் வளாகம். முன்முற்றத்தில் 145 அடி உயரத் தூண், ஜெய்ப்பூர் மகாராஜா உபயம். நம் ஊர்க் கோயிலில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவது போல அதற்கு ஜெய்ப்பூர் தூண் என்றே பெயர். லுட்யன்ஸுக்குள் ஒரு விளையாட்டுப் பிள்ளையும் இருந்ததற்கு அடையாளமாக, குழந்தைகள் பகுதியில் விளக்குகளைப் பார்க்கலாம்: கோழிகளும், உடைந்த முட்டையும், மஞ்சள் கருவாக மின்சார பல்புகளும். அத்தனை பெரிய மாளிகையில் என் மனசுக்குப் பிடித்த விஷயம் இந்த உடைந்த முட்டைதான்.

வேலை பாதியில் இருந்த 1920-இல் பிரான்சின் கிழட்டுப் புலி கிளெமான்சோ வந்து பார்த்தார். டெல்லியைச் சுற்றிலும் ஏற்கெனவே ஏழெட்டு ராஜ்யங்களின் இடிபாடுகள் கிடக்கின்றன. அத்தனையிலும் இதுதான் அழகான இடிபாடாக இருக்கப் போகிறது என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். கிரகப்பிரவேசத்துக்கு முன்பே ஆசீர்வாதம்.

கிரகப்பிரவேசமும் அந்த லட்சணத்தில்தான் நடந்தது. டெல்லிக்கும் வைஸ்ராய்களுக்கும் டிசம்பர் 23 ஆகாத தேதி. 1912 டிசம்பர் 23 அன்று புதுத் தலைநகருக்குள் யானை மேல் ஊர்வலம் வந்த ஹார்டிஞ்ச் மீது சாந்தினி சௌக்கில் வெடிகுண்டு விழுந்தது. அவர் காயத்தோடு பிழைத்தார், பின்னால் குடை பிடித்திருந்த ஊழியர் இறந்துபோனார். சரியாகப் பதினேழு வருஷம் கழித்து, 1929 டிசம்பர் 23 அன்று புது மாளிகையில் குடியேற வந்த இர்வின் பிரபுவின் ரயிலுக்கு அடியில் குண்டு வெடித்தது. இர்வினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டியிலிருந்து இறங்கி நேரே மாளிகைக்குப் போய், அன்றைக்கே காந்தியோடும் மோதிலால் நேருவோடும் ஜின்னாவோடும் பேச்சு நடத்தினார். பால் காய்ச்ச நேரம் இருந்திருக்காது.

லுட்யன்ஸ் விடைபெற்றபோது, இர்வின் தம்பதியிடம் போய்ச் சொல்லிக்கொள்ள மனசு வராமல், சுவரை முத்தமிட்டுவிட்டுப் போனார். கிண்டல் செய்ய நினைத்தாலும் இந்த இடத்தில் எனக்கு வரவில்லை.

1931 பிப்ரவரியில் புதுடெல்லி முறைப்படி திறக்கப்பட்டது. விருந்து வாசனை போவதற்குள், 17-ஆம் தேதி, சிறையிலிருந்து புதிதாக வெளிவந்த காந்தி, மேல்துண்டும் கைத்தடியுமாக அந்தப் படிகளில் ஏறி வைஸ்ராயோடு பேச உட்கார்ந்தார். லண்டனில் சர்ச்சிலுக்கு வயிறு எரிந்தது. அரைநிர்வாணப் பக்கிரி ஒருவன் வைஸ்ராய் மாளிகைப் படியேறுவதா என்று கத்தினார். பிரமிப்பதற்காகக் கட்டிய படிகள். ஏறுகிறவர் பிரமிக்கவில்லை. அவ்வளவுதான் சர்ச்சிலின் துக்கம்.

இர்வினுக்கு அடுத்த குடித்தனக்காரர் வில்லிங்டன் பிரபு, நம் சென்னையில் 1919 முதல் 1924 வரை கவர்னராக இருந்தவர். அவர் மனைவிக்குக் கத்தரிப்பூ நிறம் என்றால் உயிர். மாளிகையின் அறைகளுக்கெல்லாம் கத்தரிப்பூ வண்ணம் ஏற்றினார். தகவல் எட்டியதும் லுட்யன்ஸ் லண்டனில் பல்லைக் கடித்தார். அடுத்து வந்த லின்லித்கோ, லுட்யன்ஸையே திரும்ப வரவழைத்துக் கத்தரிக்காயை அகற்றச் சொன்னார்.

தோட்டம் தனிக் கதை. முகலாய பாணியில் நீரோடை வைக்கச் சொன்னது ஹார்டிஞ்சின் மனைவி. செடி வளர்த்தவர் மஸ்டோ என்ற தோட்டக்கலை நிபுணர். வைஸ்ராய் காலத்தின் உச்சத்தில் 418 தோட்டக்காரர்கள், அதில் 50 பையன்களுக்குப் பறவை விரட்டுவது மட்டுமே வேலை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். உத்தியோகத்தின் சாரம் கையைத் தட்டுவது. பிற்காலத்தில் பாராளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் உரைகளைக் கேட்பவர்களுக்கு அந்தப் பயிற்சி உதவியிருக்கும்.

கடைசி வைஸ்ராய் மவுன்ட்பேட்டன் 1947 மார்ச்சில் வந்தார். இங்கிலாந்தில் அப்போது போருக்குப் பிந்தைய ரேஷன். முட்டைக்கும் கறிக்கும் பஞ்சம். எட்வினா அம்மையார் தன் இரண்டு நாய்களுக்கு ஏதாவது மிச்சம் மீதி கொண்டுவரச் சொன்னாராம். தலைப்பாகை கட்டிய இரண்டு பணியாளர்கள் வெள்ளித் தட்டில் கோழிக்கறித் துண்டுகளோடு வந்து நின்றார்களாம். அம்மையார் தட்டை வாங்கிக் குளியலறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டு தானே தின்றுவிட்டாராம். நாய்கள் என்ன சாப்பிட்டன என்பதைச் சரித்திரம் சொல்லவில்லை.

ஐந்து மாதத்தில் எல்லாம் முடிந்தது. கட்டுவதற்குப் பதினேழு வருஷம். குடியிருந்தது பதினெட்டு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. கல் மணி சத்தமே போடவில்லை, பாவம். பாகப்பிரிவினையில் மேஜை நாற்காலியிலிருந்து குதிரைப்படை வரை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் பங்கு போட்டார்கள். வைஸ்ராயின் தங்க முலாம் பூசிய சாரட்டு வண்டி மட்டும் ஒன்றே ஒன்று. வெட்டியா கொடுக்க முடியும்? இரு தரப்பு ராணுவ அதிகாரிகளும் காசைச் சுண்டிப் பார்த்ததாகவும், பூவா தலையாவில் இந்தியா ஜெயித்ததாகவும் சொல்கிறார்கள். இரண்டு நாடுகளுக்கும் இடையே மனஸ்தாபமில்லாமல் தீர்ந்த வழக்கு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

1948 ஜூன் 21-ஆம் தேதி சாவி நம்ம ஆள் கைக்கு வந்தது. தொரப்பள்ளியில் பிறந்த சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி, கவர்னர் ஜெனரல். பெயரில் மட்டும் சக்கரவர்த்தி. வைஸ்ராயின் படுக்கையறையைப் பார்த்தார். இவ்வளவு பெரிய அறையில் தூங்கவா முடியும் என்று விருந்தாளிகள் பகுதியில் ஓர் அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். அதுவே பழக்கமாகி, பின்னால் வந்த குடியரசுத் தலைவர்களும் விருந்தாளி பகுதியிலேயே குடியிருந்தார்கள். வைஸ்ராயின் பகுதி வெளிநாட்டு விருந்தாளிகளுக்குப் போயிற்று. வீட்டுக்காரர் விருந்தாளி அறையில், விருந்தாளி வீட்டுக்காரர் அறையில்.

ராஜாஜி தன் துணியைத் தானே துவைத்துக்கொள்வார், செருப்பைத் தானே துடைப்பார் என்பார்கள். 340 அறை மாளிகையின் பணியாளர் பட்டாளம் சுவரோரம் நின்று அதை எப்படிச் சகித்துக்கொண்டிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு என்றதும் வளாகத்தின் ஒரு பகுதியை உழுது கோதுமை விதைக்கச் செய்தார். வைஸ்ராய்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த நிலத்தில் ஏர். போதாதென்று, 1949 ஆகஸ்ட் 15-ஆம் தேதி அந்த மாளிகைக்குள்ளேயே தேசிய அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். வைஸ்ராய்கள் சிம்மாசனத்தில் உட்கார்ந்த தர்பார் மண்டபத்தில் இன்று குப்தர் காலத்துப் புத்தர் நிற்கிறார். அத்தனையையும் துறந்தவரைத்தான் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ, நல்ல குறும்பு.

1950 ஜனவரி 26 காலை 10.18-க்கு இந்தியா குடியரசாயிற்று, 10.24-க்கு ராஜேந்திர பிரசாத் பதவி ஏற்றார். நடுவே ஆறு நிமிஷம் குடியரசு தலைவர் இல்லாமலே ஓடியது. ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பின்னால் வந்த குடித்தனக்காரர்கள் பலவிதம். ஜாகிர் ஹுசைன் ரோஜாப் பைத்தியம். பக்ருதீன் அலி அகமது 1975 ஜூன் 25 நள்ளிரவில் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்; அந்த டிசம்பரில் கார்ட்டூனிஸ்ட் அபு ஆபிரகாம் அவரைக் குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடி அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டுபவராக வரைந்தார். தணிக்கை அதிகாரி கண்ணில் மண்ணோ, சோப்பு நுரையோ தெரியாது, கார்ட்டூன் அச்சாகிவிட்டது. ஜெயில்சிங் இதற்கு நேர் எதிர். ஜனங்களின் கடிதங்களைச் சர்க்கார் பிரித்துப் பார்க்க வழிசெய்யும் தபால் மசோதாவை 1986-இல் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அடுத்து வந்த பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆர்.வெங்கட்ராமன் மறுபரிசீலனைக்கு அனுப்பினார். தபால் மசோதா தபாலிலேயே தொலைந்தது.

அப்துல் கலாம் குடியிருந்தபோது ராமேசுவரத்திலிருந்து உறவுக்காரர்கள் ஐம்பது பேருக்கு மேல் வந்து தங்கினார்கள். ஒரு வாரம் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதும், சாப்பாடு, தங்கல், தேநீர் எல்லாவற்றுக்கும் கணக்குப் போடச் சொல்லி, மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் தன் கையிலிருந்து கட்டினார். மாளிகையின் வரலாற்றில் குடியிருந்தவரே ரசீது கேட்டு வாங்கிய சம்பவம். மற்ற அரசியல் குடும்பங்கள் இந்தச் செய்தியைத் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் படித்துக்காட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

பெயர் மாற்றும் படலமும் ஓயவில்லை. 2023-இல் முகலாயத் தோட்டம் அம்ரித் உத்யான் ஆயிற்று. 2024-இல் தர்பார் மண்டபம் கணதந்திர மண்டபம் ஆயிற்று. ரோஜாக்களுக்கு இன்னும் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை.

ஆனால் ரைசினா குன்றின் உண்மையான உரிமையாளர்கள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குரங்குகள். செக்ரடேரியட்டில் கோப்பைக் கிழிக்கும், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பறிக்கும், அதிகாரியைப் படியில் துரத்தும். இவற்றை மிரட்டக் கருமுகக் குரங்கான லங்கூரைக் கயிறு கட்டி அழைத்துவந்தார்கள். வனவிலங்குச் சட்டம் குறுக்கே வந்தது. 2014 ஜூலையில் மாநிலங்களவையில் அமைச்சர் வெங்கையா நாயுடு பதில் சொன்னார்: பாராளுமன்றத்தைச் சுற்றிலும் குரங்குகளை விரட்ட, லங்கூர் போலவே குரல் கொடுக்கப் பயிற்சி பெற்ற 40 இளைஞர்கள் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். நாற்பது மனிதர்கள், மாதச் சம்பளம், வேலை நேரம் முழுக்கக் குரங்கு மாதிரி கத்துவது. குரங்குகள் கிளையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அடுத்த கட்டடத்துக்குத் தாவிப்போய் மறுநாள் திரும்பி வருகின்றன. அவற்றுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலமும் கிடையாது.